நானூறு லிட்டர் தாவர எண்ணெய்

ஸ்ஃபாக்ஸ் ஊரில் எண்ணெய் என்று மொட்டையாகச் சொன்னால் அது ஆலிவ் எண்ணெய்தான். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஆலிவ் மரம்தான் வரிசை வரிசையாக நிற்கும். ஆனால் அந்த எண்ணெயைக் கடாய் நிறைய ஊற்றிப் பொரிக்கும் வசதி தோப்புக்காரர்களுக்கே கிடையாது. அது கப்பலேறிப் போகிற சரக்கு. பொரிப்பதற்கு அரசாங்கம் மானிய விலையில் விற்கும் சோயா எண்ணெய் இருக்கிறது. அதாவது இருந்தது. கடைத்தெருவில் அதற்குப் பெயர் 'தாவர எண்ணெய்'. ஆலிவ் மட்டும் தாவரம் இல்லையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. 'தாவர எண்ணெய் வந்திருக்கு' என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவனும் துண்டோடு ஓடிவருவான். அந்த ஆண்டு பிப்ரவரிக்குப் பிறகு அப்படி ஒரு குரல் கேட்கவில்லை.

இது எதுவும் ஸி ரௌஃபுக்குத் தெரியாது ('ஸி' என்றால் அந்த ஊரில் 'ஐயா'). அவர் மின்பொறியியல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். அவர் வீட்டில் எதில் சமைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க அவருக்கு இருபது ஆண்டுகளாக நேரம் கிடைக்கவில்லை. ஆகவே ஜவ்ஹரா பேட்டையின் மின்மாற்றியில் பலகை மாட்டும் நாள் வந்தபோது அவர் நிலையத்தின் ஆய்வாளர் ஓல்ஃபா எழுதிவைத்திருந்த பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டார்.

"ஆபத்து, உயர் அழுத்தம்... என்ன இது ஓல்ஃபா? ஆபத்துன்னு போட்டா அமைச்சர் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்குவாரா?"

"எல்லா டிரான்ஸ்ஃபார்மர்லயும் அதானே ஸி ரௌஃப் போடுவாங்க."

"இது எல்லா டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியா? நல்ல சேதியை எழுதும்மா, நல்ல சேதியை!"

அப்படியாக வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தில் நல்ல சேதி ஏறியது. 'இதனுள் நானூறு லிட்டர் தூய தாவர எண்ணெய் உள்ளது. மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் தீங்கற்றது.' அமைச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் காரைவிட்டு இறங்கவில்லை. பலகை மட்டும் நின்றது.

உள்ளே இருந்தது ஓல்ஃபாவின் எண்ணெய். மின்மாற்றி சூடேறாமல் இருக்கவும், உள்ளே மின்சாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிவிடாமல் இருக்கவும் அதன் கம்பிச் சுருள்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கவேண்டும். வழக்கமாக அது மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கனிம எண்ணெய்; ஒழுகினால் மண் கெடும், தீப்பிடித்தால் அணையாது. ஓல்ஃபா அதற்குப் பதில் சோயா எண்ணெயைப் பலமுறை வடித்து, ஈரம் வற்ற உலர்த்தி, அதில் டைட்டானிய ஆக்சைடுத் தூள் கலந்திருந்தாள். ஒரு தலைமுடியை நீளவாக்கில் சில ஆயிரம் இழையாகக் கிழித்தால் ஓர் இழை எவ்வளவோ அவ்வளவுதான் அந்தத் தூளில் ஒரு துகள். அது கலந்தால் எண்ணெய் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், மின்சாரத்தை இன்னும் கெட்டியாகத் தடுக்கும். ஆய்வகக் குடுவையில் தடுத்தது. கோடை வெயிலில், நிஜப் பெட்டிக்குள், தொண்ணூறு நாள் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. தலைநகரிலிருந்த வல்லுநர் குழு ஒரே வரியில் முடித்திருந்தது: 'தாவர எண்ணெய் காறிப்போகும்.'

ஓல்ஃபா ஆறு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். தொண்ணூறாம் நாள் காலை பத்து மணிக்கு அடி வால்விலிருந்து ஒரு லிட்டர் மாதிரி எடுத்து, அது சோதனையில் தேறினால் ஆய்வகத்தில் நிரந்தர வேலை. அளவுமானியின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே எண்ணெய் இறங்கினால் சோதனை ரத்து, அவளுடைய ஒப்பந்தமும் ரத்து. இதை ஸி ரௌஃப் எழுத்தில் கொடுத்திருந்தார். எண்பத்து மூன்று நாள் எண்ணெய் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

எண்பத்து நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் வெப்பநிலை குறிக்க வந்தபோது வேலிக்கு வெளியே பதினொரு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் காலிப் புட்டி. ஒருவர் மட்டும் இருபது லிட்டர் கேனோடு வந்திருந்தார்.

முன்னால் நின்றது கால்தி மன்னூபியா. பேட்டையில் பாதிப் பேருக்கு அவர் நிஜமாகவே அத்தை, மீதிப் பேர் பயத்தில் கால்தி, அதாவது அத்தை, என்றார்கள்.

"நீதானா மகளே எண்ணெய் குடுக்கறவ?"

"எந்த எண்ணெய் கால்தி?"

"எந்த எண்ணெய்யாம்! கொட்டை கொட்டையா எழுதி மாட்டிட்டு எங்கிட்டயே கேக்குறா பாரு."

ஓல்ஃபாவுக்குக் குரல் எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். இப்போதும் பாதிதான் வெளியே வந்தது. "அது சமைக்கறதுக்கு இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் சூடாகாம இருக்க ஊத்தினது."

"இரும்புப் பெட்டிக்கு வேர்க்குதாக்கும்? எனக்கும்தான் வேர்க்குது. எனக்கு யாரு நானூறு லிட்டர் ஊத்தினா?"

வரிசை சிரித்தது. கேன் வைத்திருந்தவர் சிரிக்கவில்லை. அவர் அம் கமைஸ், ஊருக்கே சித்தப்பா முறை, ஃப்தாயர் சுடுகிறவர். நடுவில் மெலிந்து ஓரம் உப்பிய அந்த வட்டப் பண்டத்தைக் காலையில் சுடச்சுடத் தின்னாமல் பேட்டையில் முன்பெல்லாம் யாரும் வேலைக்குப் போனதில்லை. மார்ச்சில் கடையைப் பூட்டியவர் இன்னும் திறக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மகளே," என்றார். "அது தாவர எண்ணெய்தானா, இல்லையா?"

"தாவர எண்ணெய்தான் அம் கமைஸ். ஆனா அதுல தூள் கலந்திருக்கு. கண்ணுக்கே தெரியாத தூள்."

"கண்ணுக்குத் தெரியாதுன்னா அப்புறம் என்ன? கடைக்காரன் கண்ணுக்குத் தெரியறதையே கலந்து விப்பான்."

"தூளுன்னா சத்துத் தூளா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அரைமணி நேரத்தில் வரிசை அறுபது பேரானது. கடைசியில் நின்றவருக்குக் கிடைத்த செய்தி, அரசாங்கம் சத்துக் கலந்த எண்ணெயைக் காதும் காதும் வைத்தமாதிரி இரும்புப் பெட்டியில் பதுக்கியிருக்கிறது, அதன்மேல் மினுக்கும் விளக்கெல்லாம் ஊரை ஏமாற்ற, என்பது.

ஓல்ஃபா வேலிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸி ரௌஃபுக்குப் போன் போட்டாள்.

"விஷம்னு சொல்லிடட்டுமா ஸி ரௌஃப்? ஓடிடுவாங்க."

"ஐயையோ! அமைச்சகத்துக்கு மூணு பக்கம் எழுதியிருக்கேன், கைக்குழந்தை குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு. விஷம்னு நம்ம ஆளே சொன்னா நான் எங்க போவேன்?"

"சரி, தீங்கில்லைன்னு சொன்னா இப்பவே பிடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அதையும் சொல்லாதே."

"பின்ன என்னதான் சொல்லட்டும்?"

ஸி ரௌஃப் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிப்பது போனில் மூச்சாகக் கேட்டது. "அழகாப் பேசு ஓல்ஃபா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மாதிரி ஏதாவது பேசு," என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பேட்டை அதிகாரி வந்தார். ஓம்தா ஸி ஜீலானி. ஒரு வரிசையைப் பார்த்தால் அதற்கு முன்னால் ஓர் அரசாணை இருக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவர். அந்த அரசாணை தனக்கு மட்டும் வந்து சேரவில்லை என்பதை வெளியில் காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

"தெரியும், தெரியும்," என்றார், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால். "விநியோகத்துக்கு யார் பொறுப்பு?"

அறுபது விரல்கள் ஓல்ஃபாவைக் காட்டின.

"பட்டியல் எங்கம்மா? பட்டியல் இல்லாம எப்படிக் குடுப்ப?"

ஓல்ஃபாவின் கையில் வெப்பநிலை குறிக்கும் நோட்டு இருந்தது. அதை எதற்காக விரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை கையை எங்கே வைப்பது என்று தெரியாததால் இருக்கலாம். விரித்த உடனே அறுபது பேரும் வாயை மூடினார்கள். ஆறு ஆண்டுகளில் அவள் வாய் திறந்து சாதிக்காததை ஒரு கோடு போட்ட நோட்டு சாதித்தது.

"பேரு?" என்று கேட்டாள்.

"கமைஸ் பென் அம்மார். ஒண்ணாம் நம்பர். நான் ஆறு மணிக்கே வந்துட்டேன்."

"பொய்! உனக்கு முன்னால என் செருப்பு வந்துச்சு," என்றார் கால்தி மன்னூபியா. "செருப்பை இடம் பிடிக்க வெச்சிட்டுத் தொழப் போனேன்."

"செருப்புக்கு நம்பர் கிடையாது," என்று ஓம்தா தீர்ப்புச் சொன்னார்.

அறுபது பெயரையும் எழுதி முடித்ததும் ஓல்ஃபா, "வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குத்தான் வால்வு திறக்கும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வியாழக்கிழமை தொண்ணூறாம் நாள்.

அதன் பிறகு அவள் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. மறுநாள் யாரும் கேட்காமலே எல்லாரும் இருப்பிடச் சான்றிதழோடு வந்தார்கள். அடுத்த நாள் பிறப்புச் சான்றிதழும் வேண்டுமாம் என்று பேச்சு கிளம்பியது. எதிரே ஒருவன் நகலெடுக்கும் எந்திரத்தை ஒரு வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டான். அதற்கு மின்சாரம் இந்த மின்மாற்றியிலிருந்துதான். மற்ற பேட்டைக்காரர்களும் மோட்டார் சைக்கிளில் வந்து நோட்டில் ஏறினார்கள். வரிசை முந்நூற்றைத் தொட்டது. வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டது. ஓல்ஃபா மூன்று வேளையும் அளவுமானியைப் பார்த்தாள்; எண்ணெய் அப்படியே இருந்தது.

வரிசையைவிட நல்ல காவல் உலகத்தில் இல்லை என்று அவள் அந்த வாரம் தெரிந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை மதியம், ஊரே சன்னலடைத்துப் படுத்திருக்கும் நேரத்தில், ஒருவன் திருகுசாவியும் ரப்பர் குழாயுமாக வேலி ஏறிக் குதித்தான். வால்வில் கை வைப்பதற்குள் நாற்பது பேர் அவனைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"திருடவாடா வந்த?"

"ஒரு லிட்டர்தான்... வீட்ல விருந்தாளி."

"ஒரு லிட்டரோ ஒரு சொட்டோ, வரிசையில வரணும்! நாங்கெல்லாம் மடையனா?"

அவனை அடிக்கவில்லை. நோட்டுக்கு இழுத்து வந்து பெயர் எழுத வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அவனும் மறுநாள் இருப்பிடச் சான்றிதழோடு வந்து, தனக்குப் பின்னால் வந்தவர்களை முறைத்துக்கொண்டு நின்றான்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஸி ரௌஃப் கோட்டு போட்டு, படம் பிடிப்பவரோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா ஓல்ஃபா? அறிவியல்னா மக்களுக்கு எவ்வளவு ஆர்வம்!"

"எல்லாரும் எண்ணெய் வாங்க வந்திருக்காங்க ஸி ரௌஃப்."

"படத்துல அது தெரியாது," என்றார் அவர்.

பத்து மணிக்கு ஓல்ஃபா கையுறை மாட்டி, வால்வைத் துடைத்து, மெல்லத் திருகினாள். எண்ணெய் கண்ணாடிப் புட்டியில் இறங்கியது. லேசாகப் பால் கலந்ததுபோல் மங்கிய மஞ்சள். அதற்குள் நானூறாகியிருந்த வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. புட்டி நிறைந்ததும் வால்வை மூடினாள். அளவுமானி சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"அவ முதல்ல எடுத்துக்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஒண்ணாம் நம்பர் நான்தானே?" அம் கமைஸ் முன்னால் வந்தார். "இந்தப் பொண்ணு எத்தனாம் நம்பர்? நோட்டுல இவ பேரே இல்லையே!"

நியாயமான கேள்விதான். நோட்டில் அவள் பெயர் எங்கேயும் இல்லை, அட்டையில்கூட ஸி ரௌஃபின் பெயர்தான்.

"இது சோதனைக்கு அம் கமைஸ். கெட்டுப்போச்சா இல்லையான்னு பார்க்கணும்."

"அதுக்கு எதுக்குச் சோதனை? இப்படிக் காட்டு."

அவள் தயங்கினாள். மனுஷர் முப்பத்தைந்து ஆண்டு கடாய் முன்னால் நின்றவர். ஓர் எண்ணெய் எத்தனை ஈடு பொரித்தது, கடைசி ஈடு இனிப்பா உப்பா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார் என்று பேட்டையில் பேச்சு. தலைநகரத்து வல்லுநர் குழுவில் ஒருவருக்கும் இப்படி ஒரு மூக்கு இல்லை. காறிப்போயிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். காறிப்போயிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் கூட்டம் காறித்துப்பிவிட்டுக் கலைந்துவிடும், எண்ணெய் பிழைக்கும், ஆனால் ஆறு ஆண்டு உழைப்பு அத்தோடு போகும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாலோ?

ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் விட்டாள். அம் கமைஸ் இரண்டு கையையும் தேய்த்தார். கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனார். நீளமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"எத்தனை நாளா இது கொதிக்குது?"

"தொண்ணூறு நாள். கொதிக்கல, ஆனா சூட்டுலயே கிடக்கு."

"சத்தியமா?" அவர் கண்ணைத் திறந்தார். குரல் இறங்கிப் போயிருந்தது. "காறல் இல்ல. சிக்கு வாடை இல்ல. நெருப்பையே பார்க்காத எண்ணெய் மாதிரி இருக்கு மகளே. இப்படி ஒண்ணை என் ஆயுசுல மோந்ததில்ல."

ஓல்ஃபாவுக்கு நெஞ்சு பொங்கியது. அழுகை வரும்போல இருந்தது. அந்த நொடியில்தான் நானூறு புட்டிகளும் ஒன்றாக மேலே எழுந்தன.

"நல்ல எண்ணெய்! அம் கமைஸ் சொல்லிட்டாரு, நல்ல எண்ணெய்!"

வேலி வளைந்தது. ஓம்தா கையைத் தூக்கி ஏதோ சொன்னார், அது அவருக்கே கேட்கவில்லை. ஸி ரௌஃப் படம் பிடிப்பவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஓல்ஃபா புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வால்வின்மேல் முதுகைச் சாய்த்தாள். அப்போது அவள் தொண்டையிலிருந்து வந்த குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"எடுத்துக்குங்க! நாளைக்கு ஜவ்ஹராவுல ஒரு மின்விசிறி சுத்தாது. ஒரு ஃப்ரிட்ஜ் ஓடாது. நாற்பத்தஞ்சு டிகிரியில உக்காந்து பொரிச்சுத் தின்னுங்க!"

கூட்டம் ஒரு கணம் நின்றது.

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் கால்தி மன்னூபியா.

"இந்த டிரான்ஸ்ஃபார்மர் ஜவ்ஹராவுக்கு மட்டும்தான் கால்தி."

கால்தி மெதுவாகத் திரும்பினார். வரிசையை ஒருமுறை நோட்டம் விட்டார். அவர் பார்வை மோட்டார் சைக்கிள்காரர்கள்மேல் போய் நின்றது.

"அப்ப இவனுங்களுக்கு எண்ணெய், நமக்கு இருட்டா?"

"நாங்களும் நோட்டுல இருக்கோம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நோட்டுல இருந்தா? இது எங்க டிரான்ஸ்ஃபார்மர்! எங்க எண்ணெய்! உங்க பேட்டை டிரான்ஸ்ஃபார்மரைப் போய்க் கறந்துக்கோ!"

இருநூறு பேர் வேலியைச் சுற்றிக் கை கோத்தார்கள். மற்ற இருநூறு பேர் அவர்கள் பரம்பரையைப் பற்றிப் பேசினார்கள். எண்ணெய் தங்களுக்கு வேண்டும் என்று ஜவ்ஹராவில் அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. மற்றவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதில் மட்டும் ஊர் ஒன்றாக நின்றது. அந்தச் சந்தடியில் ஓல்ஃபா ஒரு டாக்ஸியைப் பிடித்துவிட்டாள்.

ஆய்வகத்தில் சோதனைக் கருவி சிறியதுதான். எண்ணெய் நிரப்பிய கிண்ணத்தில் இரண்டு பித்தளைக் குமிழ்கள். நடுவே இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். எண்ணெய் எந்த எண்ணில் தோற்கிறதோ அந்த எண்ணில் பொறி பறக்கும். ஒருமுறை போதாது, ஆறுமுறை செய்து சராசரி எடுத்தால்தான் முடிவு என்று பெயர்.

முதல் பொறி அறுபத்தாறு கிலோவோல்ட்டில் பறந்தது. கனிம எண்ணெய் முப்பதைத் தாண்டினாலே தேறியது என்பார்கள். ஓல்ஃபா எழுதிக்கொண்டாள். இரண்டாவது அறுபத்தெட்டு. அதையும் எழுதினாள்.

மூன்றாவதற்குக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோது ஸி ரௌஃப் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"ஓல்ஃபா! ஆளுநர் கூப்பிட்டார். படத்தைப் பார்த்திருக்கார். நானூறு பேர் ஆறு நாள் ஒரு மண்டை உடையாம வரிசையில நின்னாங்களாமே! இந்த நாட்டுல இப்படி நடந்ததே இல்லையாம். உனக்கு வேலை போட்டுட்டார். நிரந்தரம்!"

அவள் கை நின்றது. "ஆய்வகத்துலயா?"

"ஆய்வகத்துல என்ன இருக்கு? உணவு விநியோகத் துறை. தாவர எண்ணெய் வரிசைக்கெல்லாம் நீதான் பொறுப்பு. மாகாணம் முழுக்க!"

"எண்ணெய் வந்துடுச்சா?"

"எண்ணெய் எங்க வந்துச்சு? அதனாலதானே உன்னைக் கூப்பிடறார்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கார் வாசல்ல நிக்குது. கிளம்பு."

"இன்னும் நாலு தடவை பாக்கி இருக்கு ஸி ரௌஃப்."

"ஆளுநர் காத்திருக்கார்மா!"

"காத்திருக்கட்டும்," என்றாள் ஓல்ஃபா. சொல்லிவிட்டு, தான்தான் சொன்னோமா என்று பார்ப்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பொத்தானை அழுத்தினாள்.

எண்கள் ஏறத் தொடங்கின. நாற்பது. ஐம்பது. ஸி ரௌஃப் வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இந்த ஆய்வகத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அறுபது. அறுபத்தைந்து. எழுபத்தொன்றில் நீலமாக ஒரு பொறி சொடுக்கிவிட்டு அணைந்தது.

ஸி ரௌஃப் துள்ளி எழுந்தார். எண்ணைப் பார்த்தார், ஓல்ஃபாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"இது..." என்று குரலைத் தாழ்த்தினார், வெளியில் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல். "இது கூடினா நல்லதா ஓல்ஃபா, குறைஞ்சா நல்லதா?"